கொடுத்தவரும் பட்டவரும்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனைப் பற்றியதே. சூரத்துல் பகராவின் 282-வது வசனம், தவணை குறித்து எழுதிச் சாட்சியும் வைக்கச் சொல்கிறது. ‘நம்மவர்தானே’ என்று எழுதாமல் கொடுத்துவிட்டு, பிறகு அவர் வாசலில் நின்று கூச்சலிடுவது முறையா?

280-வது வசனமோ, கஷ்டப்படுபவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது; விட்டுக்கொடுப்பது அதனினும் மேல். ஆனால், வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். கடனோடு வந்த ஒரு ஜனாஸாவுக்கு, அபூ கதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பிறகே தொழ வைத்தார்கள்.

கடைக்காரரே! நொடித்தவருக்குத் தவணை கொடுங்கள். கடன்பட்டவரே! பெருநாள் ஜவுளிக்கு முன் பற்றுக் கணக்கைத் தீருங்கள். இன்றிரவே கடன்களை எழுதி வீட்டாரிடம் காட்டுங்கள். மௌத்து தவணை கொடுப்பதில்லை. கடனற்றவர்களாய் மீள அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.