தார்மீக உரிமை

2003 ஜூலையில் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைக்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகளைத் திரும்பக் கேட்டார்கள். கஜானாவில் பணமில்லை என்றது சர்க்கார். டெஸ்மா சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 1,70,000 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 6ம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. பெரும்பாலோர் மன்னிப்பு எழுதிக் கொடுத்து வேலைக்குத் திரும்பினார்கள்.

சட்டத்தில் இல்லையென்று சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தார்மீகத்தில் இல்லையென்று சொல்ல அதற்கு ஏது அதிகாரம்? வெகுநாள் இப்படித்தான் வாதாடி வந்தேன். நானும் சங்க உறுப்பினன். 2010 ஏப்ரலுக்குப் பிறகு வங்கியில் சேர்ந்தவனாகையால் பழைய ஓய்வூதியம் எனக்கில்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்கு உண்டு. இது அநீதி என்று வாசலில் நின்று கோஷம் போட்டிருக்கிறேன்.

ஒரு வேலைநிறுத்தத்துக்கு மறுநாள் பணம் எடுக்க வந்தார் பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவர். முதலாளியிடம் கூலிக்கு நெய்கிறவர். "நேத்து எதுக்கு சார் மூடிட்டீங்க?" ஓய்வூதியத்துக்காக என்றேன். "ஐப்பசி மழைக்கு எங்க தறிக்குழியில தண்ணி ஊறிடும். வேலை தானா நின்னுடும். நாங்க யார்கிட்ட சார் கேக்கறது?" கேலியில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பட்ஜெட் பேசுகிறவர்கள் இவரைக் காட்டித்தான் எங்களை மடக்குவார்கள்: ஏழையின் வரிப்பணத்தில் உங்களுக்கு ஓய்வூதியமா? போலி வாதம். எங்களிடம் மிச்சம் பிடித்தது அவருடைய தறிக்குப் போய்ச் சேரும் என்று யாரும் ஜாமீன் நிற்கவில்லை. ஆனால் அவர்கள் வாதம் போலி என்பதாலேயே என் வாதம் முழுமையாகிவிடாது. 1982ல் நகாரா வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் கருணையல்ல, செய்த வேலைக்கு உரியது என்றது. நாங்கள் மேடைதோறும் சொல்வது இதைத்தான். நாற்பது வருஷம் குழியில் கால்வைத்து நெய்ததும் வேலைதானே? எனக்கு நிர்வாகத்தோடு ஒப்பந்தம் உண்டு, அவருக்கு இல்லை என்று பதில் சொல்லலாம். அது சட்டத்தின் பதில். எந்தப் பதிலை நீதிமன்றத்திடம் ஏற்க மறுத்தேனோ அதையே அவரிடம் நான் சொல்லவேண்டியிருக்கிறது.

தார்மீக உரிமை உண்டு என்றே இன்றும் நினைக்கிறேன். எனக்கு மட்டும் என்று அதைப் பிரித்தெடுத்தால் அது சலுகையாகிவிடுகிறது. எங்கள் கோரிக்கைப் பட்டியலில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. அடுத்த வேலைநிறுத்தத்திலும் கலந்துகொள்வேன். ஒருநாள் சம்பளத்தையும் இழப்பேன். அந்த ஒரு வரி சேரும்வரை 'தார்மீக' என்ற சொல்லை மட்டும் நோட்டீஸிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன்.