கைப்பிடியும் கட்டளையும்

குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியையோ தாயே கவ்விக்கொண்டு போகும். இறைவனை அடைய அடியவனுக்கு எது வழி என்று வைணவர்களில் வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். வீட்டின் பின்கட்டில் சின்ன லேத் வைத்து, வேலை முடிந்த மாலைகளில் இரும்பும் பித்தளையும் கடைகிறவர்கள், கையால் ஓட்டுவதா, கணினிக் கட்டளையில் ஓடும் சிஎன்சியா என்று பேசும்போது எனக்கு அந்த வாதம்தான் கேட்கிறது.

கை லேத்தில் மரை வெட்டுவதைப் பாருங்கள். 10 மி.மீ. கம்பி, 1.5 மி.மீ. புரி. கம்பி ஒரு சுற்றுச் சுற்றினால் டூல் சரியாக 1.5 மி.மீ. நகரும்படி பல்சக்கரங்கள் இரண்டையும் பிணைத்திருக்கின்றன. மரையின் ஆழம் ஏறக்குறைய 0.92 மி.மீ. அதை ஒரே வெட்டில் எடுக்க முடியாது. முதலில் கொஞ்சம் தாராளமாக, பிறகு மெல்ல மெல்லக் குறைத்து, கடைசியில் தொட்டும் தொடாமலும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முடிவிடம் வந்ததும் ஒரு கை டூலைப் பின்னிழுக்க, மறு கை டூலை நகர்த்தும் திருகைப் பற்றியிருக்கும் ஹாஃப் நட்டை விடுவிக்க வேண்டும். மீண்டும் மரை டயலில் உரிய கோடு வரும்வரை காத்திருந்துதான் நெம்புகோலை அழுத்தலாம். அந்த நேரத்தில் வேறு நினைவு நுழைய இடமே இல்லை. கண்மூடி உட்கார்ந்து தேடியும் கிடைக்காத ஒருமை அங்கே கேட்காமலே வந்து சேர்கிறது.

இன்னொன்றையும் கைச்சக்கரம் கற்றுத்தருகிறது. அது சுழற்றும் திருகுக்கும் அதன் நட்டுக்கும் நடுவே எப்போதும் சிறிது இடைவெளி இருக்கும். 0.1 மி.மீ. அதிகம் போய்விட்டால், அதே 0.1 திருப்பிச் சுற்றினால் சரியான இடம் வந்துவிடாது. சக்கரம் சுற்றும், டூல் அசையாது. நன்றாகப் பின்வாங்கி, முன்பு வந்த திசையிலிருந்தே மறுபடி நெருங்கி வர வேண்டும். வரம்பு மீறிய கோபத்திலிருந்து திரும்புவதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

சிஎன்சியில் இதே மரைக்கு ஜி76 என்று தொடங்கும் ஓரிரு வரிகள் போதும். அதனாலேயே அது உயிரில்லாத வேலை என்பாரை என்னால் ஏற்க முடியவில்லை. கவனம் அங்கே குறைவதில்லை, முன்கூட்டியே கேட்கப்படுகிறது. டூல் எங்கே நுழையும், எங்கே விலகும், கம்பியைப் பிடித்திருக்கும் சக்கின் தாடையில் இடிக்குமா என்று வெட்டு முழுவதையும் மனத்துக்குள் ஒரு தடவை நடத்திப் பார்த்தாக வேண்டும். ஜாப் இல்லாமல் காற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சங்கல்பம் என்று பெரியவர்கள் சொன்னதற்கு இதைவிட நேரான பயிற்சியை நான் கண்டதில்லை. பொத்தானை அழுத்திய பின் கைக்கு வேலை இல்லை. சும்மா இருக்கும் அந்தக் கைதான் பாடு. பூனைக்குட்டியின் நிலை எளிது என்று யார் சொன்னது?

வீட்டு சிஎன்சி பலவற்றில் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். மின்சாரம் போட்டதும் தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. ஓரத்தில் உள்ள ஸ்விட்சை நோக்கி நகர்ந்து, தொட்டு, விலகி, இன்னும் மெதுவாக ஒருமுறை தொட்டு, அந்த இடத்தைத் தன் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. நடுவில் சுமை கூடிப் படிகள் தவறினாலும் அதற்குத் தெரிவதில்லை. தவறான இடத்தில் முழு நம்பிக்கையோடு வெட்டிக்கொண்டே போகும். நித்திய கர்மங்களை ஏன் நாள்தோறும் செய்யச் சொன்னார்கள் என்பது இந்த இயந்திரத்தின் அருகில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. நாம் படி தவறிய நேரம் நமக்கும் தெரிவதில்லை.

1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துளையிட்ட நாடாவைப் படித்து ஒரு மில்லிங் இயந்திரம் தானே வெட்டிக் காட்டியது. கையா கட்டளையா என்ற கேள்விக்குத் தொழிற்சாலைகளுக்கான விடை அந்த வழியில்தான் வந்தது. வீட்டில் அப்படியில்லை, நாம் கடையும் உருப்படிக்காக யாரும் வாசலில் காத்திருப்பதில்லை. அதனால் என்னைக் கேட்கிறவர்களுக்கு, முதலில் கை லேத் என்பேன். நல்ல வெட்டின் ஓசையும் அதிரும் வெட்டின் ஓசையும் காதில் பிரியும்வரை அதிலேயே இருக்கட்டும். பிறகு சிஎன்சி வாங்கினாலும், புது உலோகம் கைக்கு வரும்போது கை லேத்தில் ஒரு துண்டைக் கடைந்து பார்த்துவிட்டே புரோகிராம் எழுத உட்காரச் சொல்வேன். எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம் தாங்கும் என்பதைக் கையே சொல்லிவிடும்.