பிரம்பா, சிநேகமா?



புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு வாத்தியார் வகுப்புக்குள் நுழைகிறார். கரும்பலகைப் பக்கம் திரும்பிய மாத்திரத்தில் பின் பெஞ்சியிலிருந்து ஒரு விசில் சத்தம். திரும்பிப் பார்த்தால் எல்லா முகங்களும் சம்மனசுகளின் முகங்கள்! மறுபடி எழுதத் தொடங்கினால் மேசை அதிருகிறது, காகித அம்பு பறக்கிறது. அவர் கத்துகிறார், ஐந்து நிமிஷம் அமைதி. அடுத்த முறை இன்னும் பலமாகக் கத்த வேண்டியிருக்கிறது. மாலையில் தொண்டை கட்டி, மனம் கசந்து வீடு திரும்புகிறார். அந்த வகுப்பில் இருப்பவர்கள் யார் பிள்ளைகள்? நம்முடைய பிள்ளைகளே. ஆகையால் இது வாத்தியாரின் கவலை மாத்திரமல்ல, நமது கவலையுமாம்.

"அடியாத மாடு படியாது" என்பார் சிலர். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் தகப்பன்மார் இன்றும் உண்டு. ஆனால் 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து பிரம்பைக் கீழே போட்டுவிட்டு, வசைமொழியைக் கையில் எடுத்துக்கொண்டால் லாபம் என்ன?

நமது ஜென்மராக்கினி மாதா பேராலயம் திருநாள் கொண்டாடும் அதே டிசம்பர் 8-ந் தேதி, 1841-ம் வருஷம், இத்தாலியா தேசத்துத் தூரின் நகரில் நடந்ததைக் கேளுங்கள். அர்ச். ஜான் போஸ்கோ அப்பொழுது குருப்பட்டம் பெற்று ஆறே மாதமான இளங்குரு. அர்ச். பிரான்சிஸ்கு அசிசியார் கோவிலில் பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அங்கே ஒதுங்கி நின்ற ஏழைப் பையன் ஒருவனைக் கோவில்பிள்ளை பூசைக்கு உதவி செய்யச் சொல்ல, அவன் தெரியாது என்றான். உடனே தூசி தட்டும் கழியால் அவனை அடித்துத் துரத்திவிட்டான். ஜான் போஸ்கோ, அவன் தமது சிநேகிதன் என்று சொல்லித் திரும்ப அழைத்துவரச் செய்தார்.

பர்த்தொலொமேயு கரெல்லி என்ற அந்தப் பையனுக்குப் பதினாறு வயது; தாய் தகப்பன் இல்லை. எழுதத் தெரியுமா என்றால் தெரியாது, பாடத் தெரியுமா என்றால் தெரியாது. முடிவில், விசில் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார். பையன் முகத்தில் சிரிப்பு வந்தது. அடித்தவனிடமிருந்து ஓடியவன், சிரிக்க வைத்தவரிடம் அன்றே ஞானோபதேசம் படிக்க உட்கார்ந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு சிறுவர்களையும் கூட்டி வந்தான்.

அப்படியானால் கட்டுப்பாடு வேண்டாமா? வேண்டும். 1877-ல் அவர் எழுதி வைத்த போதனா முறை, குற்றம் நடந்தபின் தண்டிப்பதைவிட நடவாமல் காப்பதே மேல் என்கிறது. விதிகளை முன்னதாகவே தெளிவாய்ச் சொல். பிள்ளைகள் நடுவே இரு. கண்டிப்பதானால் பலர் முன்னிலையில் அல்ல, தனியே கண்டி. கை ஓங்காதே என்பது அதன் சாரம். பிள்ளைகளை நேசித்தால் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் அறியவும் வேண்டும் என்பதும் அவர் படிப்பினை.

புதிய ஆசிரியர்களே, முதல் வாரத்திலேயே பெயர்களைப் படித்துக்கொள்ளுங்கள். "ஏய் கடைசி பெஞ்சி!" என்பதற்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கும் வெகு வித்தியாசம் உண்டு. சத்தத்தைச் சத்தத்தால் ஜெயிக்க முடியாது, குரலைத் தாழ்த்துங்கள். விசில் அடித்தவனை வகுப்பு முடிந்தபின் தனியே அழைத்து, வீட்டில் என்ன சேதி, காலையில் சாப்பிட்டானா என்று விசாரியுங்கள். பிறகு அவனிடமே ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள். ஒரே நாளில் பலன் தெரியாவிட்டாலும் சோர்ந்து போகாதீர்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சோறு சாப்பிடும்போது பிள்ளை காதுபட, "இந்தப் புது டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று பேசுகிறோம். மறுநாள் அவன் அந்த டீச்சரை மதிப்பானா? புகார் வந்தால் பிள்ளைக்காக வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போவதும் தவறு. வீட்டில் அவனை அடித்து நொறுக்குவதும் தவறு. பிள்ளைகளுக்குக் கோபமூட்டாதபடி அர்ச். சின்னப்பர் தகப்பன்மாருக்குப் புத்தி சொல்லவில்லையா? பள்ளிக்கூடம் சென்று ஆசிரியரோடு சாந்தமாய்ப் பேசுங்கள். "உருப்படமாட்டான்" என்ற சொல் மாத்திரம் உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம். அதைப் பலமுறை கேட்கும் பிள்ளை, அதை நம்பிவிடும்.

ஜான் போஸ்கோ அந்தப் பையனுக்குப் போதிக்கத் தொடங்குமுன் முழந்தாளிட்டு ஓர் அருள் நிறை மந்திரம் ஜெபித்தார். இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்தபின், உங்கள் பிள்ளையின் ஆசிரியருக்காக நீங்களும் ஒன்று ஜெபியுங்கள். அந்த ஆசிரியரின் பெயர் தெரியாவிட்டால், முதலில் பிள்ளையிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.