குறவஞ்சி: பெயர் யாருடையது?

குறவஞ்சி என்ற சொல்லைப் பிரித்தால் குற, வஞ்சி. வஞ்சி என்பது கொடி. கொடி போன்ற பெண்ணையும் குறிக்கும். ஆக, குறப்பெண். குறத்தி குறிசொல்வதாக அமைந்த இசை நாடகத்திற்கும் அதுவே பெயராகிவிட்டது. பாட்டுடைத் தலைவன் பெயரையோ தலைவியின் பெயரையோ கொள்ளாமல், கூலிக்குக் குறிசொல்ல வந்தவளின் பெயரை ஓர் இலக்கிய வகை ஏற்றது ஏன்? (பள்ளு இலக்கியத்தின் பெயரிலும் இதே கேள்வி உண்டு. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.)

எங்கள் பக்கத்து நூலையே எடுத்துக்கொள்கிறேன். திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையிலுள்ள மேலகரத்துக்காரர். குற்றாலநாதரின் உலாவைக் கண்டு வசந்தவல்லி மையல் கொள்கிறாள், மெலிகிறாள், தோழியைத் தூது விடுகிறாள். வீட்டு வாசலைத் தாண்டி அவளுக்கு வேறு வழியில்லை. அப்போது சிங்கி வருகிறாள். மலைவளம் சொல்கிறாள், போய்வந்த நாடுகளை அடுக்குகிறாள், கை பார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். பிறகு அவளைத் தேடி வரும் கணவன் சிங்கன், சொல்லாமல் எங்கே போனாய் என்று கேட்கிறான். குறிசொல்லப் போனேன் என்று அவனை ‘அடா’ போட்டே பதில் சொல்கிறாள். காலில் கிடக்கும் சிலம்பு சேலத்தில் குறிசொல்லிப் பெற்றது. அவள் உடம்பில் கிடக்கும் நகைகள் கணவன் போட்டவை அல்ல, அவள் தொழிலில் வந்த கூலி. தமிழ் இலக்கியத்தில் ஒரு பெண் தன் சம்பாத்தியத்தை இப்படி அங்கம் அங்கமாகக் காட்டிச் சொல்லும் இடங்கள் அதிகமில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிக்காத பகுதி இது.

ஆனால் இதைப் பாடியவள் சிங்கி இல்லை. அவள் வாயில் வைக்கப்பட்ட பாட்டு கவிராயருடையது. மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நூலுக்குப் பரிசாகக் கொடுத்த நன்செய்க்குக் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர். நிலத்தில் இருப்பது அவள் பெயர். நிலம் போனது கவிராயருக்கு.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. புறநானூற்றின் 157ஆம் பாடலைப் பாடியவர் குறமகள் இளவெயினி. நற்றிணையில் குறமகள் குறியெயினி இருக்கிறார். அங்கே ‘குறமகள்’ என்பது பாட்டுக்குள் வரும் பாத்திரமல்ல, பாடியவரின் பெயர். வகுப்பில் குறவஞ்சி தொடங்கும் முன் நான் இளவெயினியைத்தான் நடத்துகிறேன்.

பாட்டு கொண்டாடிய அதே நடையைச் சட்டம் குற்றமாக்கியது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடப்புக்கு வந்தது. குறவர்களும் அதன் பட்டியலில் ஏற்றப்பட்டார்கள். கைரேகை, காவல் நிலையத்தில் ஆஜர், ஊர்விட்டு ஊர் போனால் சந்தேகம். சிங்கி நாடு நாடாகப் போய்க் குறிசொன்னதைப் புலவர் அடுக்கினால் அது சந்தம். அவளுடைய பேத்திகள் அடுத்த ஊருக்குப் போனால் அது வழக்கு. இந்தச் சட்டம் உயிரோடு இருந்த 1944இல்தான் கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவி குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். நாட்டிய வரலாற்றில் அந்த அரங்கேற்றத்திற்குரிய இடத்தை நான் மறுக்கவில்லை. இரண்டும் ஒரே மாகாணத்தில், ஒரே காலத்தில் நடந்தன என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

கோயில் கொடைகளில் ‘குறவன் குறத்தி ஆட்டம்’ என்று ஒன்று நடந்துவந்தது. இரட்டை அர்த்தப் பேச்சும் ஆபாச அசைவுமாக அது மாறிப்போக, குறவர் சமூகத்தார் எதிர்த்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை விவகாரம் போனது. 2023இல் தமிழக அரசு அந்தப் பெயரிலான ஆட்டத்திற்குத் தடை விதித்தது. சரியான முடிவுதான். ஆடிய பெண்களும் வயிற்றுப்பாட்டுக்கு வந்த ஏழைகள் என்பது இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படவில்லை.

அந்தத் தடைக்குப் பிறகு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “பஸ்ல ஒருத்தி இன்னொருத்திய அப்படிச் சொன்னா ஏச்சு. நாம இங்க சொன்னா இலக்கியமா மேடம்?”

பாடத்திட்டத்திலிருந்து நூலை எடுத்துவிடலாம் என்பார் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எடுத்துவிட்டால் மிஞ்சப்போவது ஏச்சு மட்டும்தான். பெயரை மாற்றினாலும் இதே கதைதான். குற்றாலத்தில் சாரல் காலத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்களைக் காட்டி “அதோ சிங்கி” என்று மாணவர்கள் சொல்வதுண்டு. வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் வேறு, குறவர் வேறு என்பதிலிருந்தே நான் தொடங்க வேண்டியிருக்கிறது. நூற்றாண்டுகளாகப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், ஆளைத் தெரியவில்லை.

அந்த மாணவிக்கு நான் சொன்னது இதுதான்: “சொல்லலாம். ஆனா அந்தச் சொல்லுக்கு உரியவ இந்த வகுப்புல உக்காந்திருக்கான்னு நெனச்சுச் சொல்லு.” அவள் விடவில்லை. “உக்காந்திருந்தா, அவ அதை எங்ககிட்டச் சொல்லிக்குவாளா மேடம்?” என்றாள்.