பாலாலயமும் லைன் வீடும்

பர்லியாரைத் தாண்டிக் குன்னூர் நோக்கி ஏற ஏற, தேயிலைத் தோட்டங்களும், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லைன் வீடுகளும் வந்துவிடுகின்றன. வேலை செய்பவருக்கு வீடு தரும் பொறுப்பை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் மேல் வைத்தது. வீடு இடிந்து உயிர் போனால் இழப்பீடு என்று பின்னாளில் ஒரு திருத்தமும் சேர்ந்தது. ஆனால் ஓய்வு பெற்றதும் அந்த உரிமை தளர்ந்துவிடுகிறது. மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலை பார்த்தால் தங்கலாம், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். அப்படித் தங்கியிருக்கும் முதியவர் ஒழுகும் கூரையைப் பற்றி வாய் திறக்கத் தயங்குவார். உழைப்பு நின்ற பிறகு அந்தக் கூரையைச் செப்பனிடும் கடமை யாருடையது? சட்டம் கைவிடும் இந்த இடத்தில் அறம்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் கோயில் மரபில் அதற்கு விடை இருக்கிறது. சிதைந்த ஆலயத்தைப் புதுப்பிப்பதை ஜீர்ணோத்தாரணம் என்கின்றன ஆகமங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணியும் குடமுழுக்கும் நடத்துவது வழக்கம். சாரம் கட்டுவதற்கு முன்பே பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னதியை அமைத்து, மூர்த்தியை அங்கே எழுந்தருளச் செய்து, பூசை நின்றுபோகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வேலை முடிந்ததும் அதே கருவறைக்குத் திரும்ப அழைக்கிறார்கள். இதே கவனம் முதியவரின் வீட்டுக்கும் வேண்டும் என்றால், தெய்வம் நித்தியம், மனிதர் இன்னும் சில ஆண்டுகள்தானே என்று சிலர் கேட்கலாம். எங்கும் நிறைந்த இறைவனுக்குக் கூரை தேவையே இல்லை என்றுதான் சைவமும் சொல்கிறது. தேவையில்லாதவருக்கே இவ்வளவு கவனம் என்றால், மழையில் நனையும் உடம்புக்கு எவ்வளவு வேண்டும்! ஆயுள் குறுகியிருப்பது அவசரத்துக்குத்தான் காரணமாகும், அலட்சியத்துக்கு ஆகாது.

வீடு கூலியின் ஒரு பகுதி, கூலி நின்றால் வீடும் நிற்கும் என்ற வாதம் கணக்குக்குச் சரி. ஆனால் அந்த லைன் வீடுகள் நிமிர்ந்து நின்றதே அந்த முதியவர்கள் பறித்த கொழுந்தின் வருமானத்தில்தான். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து, அரசின் டான்டீ தோட்டங்களில் குடியமர்ந்தவர்கள் பிறந்த மண்ணை ஏற்கெனவே ஒருமுறை விட்டவர்கள். முதுமையில் மறுபடியும் பெயர்வது அவர்களுக்கு முகவரி மாற்றம் மட்டுமல்ல. ஆனால் மலையில் மண்சரிவு அபாயம் இருப்பதும் உண்மைதான். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண் பிடிமானம் இல்லாத இடத்தில் பழைய சுவரைக் காப்பது பக்தியாகாது, இடம் மாற்றியே ஆக வேண்டும். அப்போதும் பின்பற்ற வேண்டியது பாலாலய முறைதான்: புதிய வீடு அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து வாழும் தொலைவில் தயாராகி, முதியவர் அதைப் பார்த்துச் சம்மதித்த பிறகே பழைய வீட்டின் தகரத்தைக் கழற்றலாம்.