முதல் தாரத்தின் படம் எந்தச் சுவரில்?

யாழ்ப்பாணத்துக் கோயில் மண்டபங்களில் கந்தபுராண படனம் தட்ச காண்டத்தின் கடைசிக்கு வந்துவிட்டால், தூணோடு சாய்ந்து கண்ணயர்ந்தவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். வள்ளியம்மை திருமணப் படலம். தினைப்புனத்துக்குக் கந்தன் வேடனாக வருகிறான். வேங்கை மரமாக நிற்கிறான். பிறகு நரைத்துத் தளர்ந்த கிழவராக வருகிறான். தேனும் தினைமாவும் வாங்கி உண்டு, தாகமென்று தண்ணீரும் குடித்து முடித்த பிறகு, கிழவர் கேட்பது பெண்ணை. தலை நரைத்தும் புத்தி வரவில்லையா என்று வள்ளி பொரிந்து தள்ளுகிறாள். ஒருவர் பாட்டைப் படிக்க மற்றவர் பயன் சொல்கிற அந்த மரபில், இந்த இடத்தில் மட்டும் பயன் கொஞ்சம் நீளும். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

சிரித்துவிட்டுப் போகிற அதே சனத்திடம், மனைவியை இழந்த ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் மறுமணம் செய்யப் போகிறாராம் என்று சொல்லிப் பாருங்கள். "உந்த வயசில உவருக்கு என்ன கலியாணம்? கோயில் குளமெண்டு கிடவாமல்!" கிழவர் பெண் கேட்ட கதையைக் கேட்டதே கோயிலில்தான் என்பது அப்போது ஒருவருக்கும் நினைவு வராது.

வயதுதான் தடை என்றும் சொல்வதற்கில்லை. அறுபதாம் கலியாணத்துக்கு ஊரே திரண்டு வரும். பிள்ளைகள் பொன்னாடை போர்த்துவார்கள், பேரப்பிள்ளைகள் பூத் தூவுவார்கள், வயதான மாப்பிள்ளை நடுங்கும் கையால் தாலி கட்டுவார். அறுபதில் தாலி கட்டலாம், மணமகள் மாறாதவரை. அப்படியென்றால் மனதை உறுத்துவது முதுமையில் எழும் ஆசை மட்டுமல்ல. முதலில் வந்தவருக்குச் செய்யும் துரோகமோ என்ற அச்சம் அதன் அடியில் கிடக்கிறது. ஏழு பிறப்புக்கும் தொடரும் பந்தம் என்று சொல்லித்தானே முதல் தாலி கட்டினார்கள்? அந்தப் பந்தத்தை என்ன செய்வது?

பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தின் வாழ்க்கையைக் கந்தபுராணக் கலாசாரம் என்றார். அந்தக் கலாசாரத்தின் நாயகனுடைய குடும்பத்தைச் சற்று உற்றுப் பார்க்கலாம். கந்தன் தோன்றியது தந்தையின் நெற்றிக்கண்ணில். பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். அம்மை வந்து ஆறு குழந்தைகளையும் சேர்த்தணைத்தபோதுதான் ஓருருவும் ஆறுமுகமும். வளர்த்த தாய்மாரை யாரும் ஒதுக்கவில்லை. கார்த்திகேயன் என்ற பெயரும் கார்த்திகை விரதமும் அவர்களுக்கே போயின. நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் செல்வச்சந்நிதியிலும் கைகூப்புகிறவர்கள் கும்பிடுவது, எந்தக் கிராமசேவகரின் குடும்ப அட்டையிலும் சுலபமாக அடங்காத ஒரு குடும்பத்தின் பிள்ளையை.

பெரியபுராணத்தில் இன்னும் சங்கடமான காட்சி ஒன்று உண்டு. காரைக்காலம்மையாரின் கணவன் பரமதத்தன், மாம்பழ அற்புதத்தைக் கண்டு மனைவி தெய்வமென்று பயந்து, வணிகத்துக்குப் போவதாகக் கப்பலேறிவிடுகிறான். பாண்டிநாட்டில் இன்னொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று முதல் மனைவியின் பெயரையே வைக்கிறான். உறவினர் விடுவார்களா? அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி அங்கேயே கொண்டுபோய் இறக்குகிறார்கள். அவனோ புது மனைவியோடும் குழந்தையோடும் வந்து முதல் மனைவியின் காலில் விழுகிறான். சமாதானம் பேச வந்த சுற்றத்தார் திகைத்து நிற்கிறார்கள். சைவநெறிப் புத்தகத்தில் இதைப் படிக்கிற பிள்ளைக்கு இது பக்திக் கதை. கலியாணத் தரகருக்கு இது வேறு மாதிரித் தெரியும். அம்மையார் தசையுடம்பை உதறிப் பேயுருக் கொண்டதற்கு மெய்ஞ்ஞானமே காரணம் என்பார்கள். அந்த இடத்தில் நின்றிருந்தால் சாதாரண மனிசிக்கும் அப்படித் தோன்றியிருக்கும்.

சுந்தரரின் கதை மறுமணக் கதையல்ல, இருதாரக் கதை. ஆனாலும் ஒன்று சொல்லாமல் விடமுடியாது. அவர் சங்கிலியாரை மணந்த செய்தி கேட்டு முதல் மனைவி பரவையார் கதவடைத்தபோது, நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் தூது நடந்தவர் சிவபெருமான். முதல் முறை அர்ச்சகர் வேடத்தில் போய் வெறுங்கையோடு திரும்பினார், மறுபடி நடந்தார். திருக்கேதீச்சரத்தைப் பாடியவருக்காகக் கடவுள் இரண்டு தரம் அலைந்த அந்தக் காட்சியைச் சேக்கிழார் மறைக்கவில்லை. வீட்டுக்குள் வரும் பூசலில் தலையிட்டு அசடு வழிய நிற்கும் தெய்வத்தை வணங்குவது சைவத்துக்குக் குறையாகப் படவில்லை.

சட்டமும் தடுக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் ஆளுநர் சிமொன்ஸ் கட்டளையிட, யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இங்கிருந்த வழக்கங்களைத் திரட்டினார். முதலிமார் பன்னிருவர் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்ட அந்தத் தேசவழமைக்கு வயது 1707இலிருந்து கணக்கு. ஆங்கிலேயர் 1806இல் அதை முழுச் சட்டமாக ஏற்றார்கள். தாரமிழந்த தகப்பனின் மறுமணத்தைப் போலவே, கணவனை இழந்த தாயின் மறுமணத்தையும் அது நடக்கக்கூடிய காரியமாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறது. இந்தியாவில் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் வந்தது 1856இல்.

அந்தத் தேசவழமைத் தொகுப்பின்படி, தகப்பன் மறுபடி மணந்தால் என்ன ஆகும்? சிறுபிள்ளைகளை வழக்கமாகத் தாயின் தாயோ நெருங்கிய உறவினரோ எடுத்து வளர்ப்பார்கள். இறந்தவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும் முதல் மணக்காலத்தில் சேர்த்த தேடியதேட்டத்தில் பாதியையும் தகப்பன் பிள்ளைகளோடு ஒப்படைக்க வேண்டும். பாவமா புண்ணியமா என்று தேசவழமை கேட்கவில்லை. தோட்டக்காணி யாருக்கு என்று கேட்கிறது. இன்றும் அம்மாவின் ஆத்மா சாந்தியடையாது என்று பிள்ளைகள் தொடங்கும் வாக்குவாதம், அரை மணி நேரத்தில் உறுதிப்பத்திரம் எங்கே என்பதில் போய் நிற்பதுண்டு. அதற்காக அந்தப் பிள்ளைகளைப் பேராசைக்காரர் என்றும் தள்ளிவிட முடியாது. அம்மா நட்ட மாமரம் நிற்கிற வளவு, காணி மட்டும்தானா?

கிறிஸ்தவர்களிடம் கதை வேறு. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் தெல்லிப்பழையில் வந்து இறங்கினார்கள். காய்ச்சலும் காசநோயும் அவர்களில் பலரைச் சீக்கிரமே தனியாக்கின. டானியல் பூவரின் மனைவி சூசன் 1821இல் இறந்தார். பூவர் 1823இல் மணந்த ஆன், நல்லூரில் இருந்த சேர்ச் மிஷன் போதகர் ஜோசப் நைற்றின் சகோதரி. அதே ஆண்டில் அந்த நைற், 1822இல் இறந்த அமெரிக்க மிஷனரி ரிச்சர்ட்ஸின் கைம்பெண்ணை மணந்தார். தெல்லிப்பழைக்கும் நல்லூருக்கும் இடையில் நடந்த இந்த மாற்றுச் சம்பந்தத்தை உள்ளூர்ச் சனம் நன்றாகவே விளங்கிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு இது பழகிய கணக்கு.

எல்லாரையும் மிஞ்சியவர் இன்னோர் அமெரிக்க மிஷனரியான மிரோன் வின்ஸ்லோ. உடுவிலில் பெண்கள் பாடசாலையை 1824இல் தொடங்கிய அவருடைய மனைவி ஹரியட் 1833இல் அங்கேயே இறந்தார். பிறகு வின்ஸ்லோ மேலும் நான்கு முறை மணந்தார். நைற் சேர்க்கத் தொடங்கிய சொற்களையும் கொண்டு வின்ஸ்லோ முடித்த அகராதி 1862இல் சென்னையில் வந்தது. அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். நான்கு மனைவியரைப் புதைத்தவர் அந்த வேலைக்கு இடையில்தான் மறுபடி மறுபடி வீடு கட்டிக்கொண்டார்.

வின்ஸ்லோவை மனதில் வைத்துக்கொண்டு மத்தேயு 22ஆம் அதிகாரத்தைப் படித்தால் சிரிப்பு வரும். உயிர்த்தெழுதலை நம்பாத சதுசேயர் இயேசுவை மடக்க ஒரு கதை கட்டுகிறார்கள்: ஏழு சகோதரர், ஒருவர் பின் ஒருவராக ஒரே பெண்ணை மணந்து இறந்துபோகிறார்கள், உயிர்த்தெழும் நாளில் அவள் யாருக்கு மனைவி? கிண்டலாகக் கேட்ட கேள்விதான். ஆனால் தாரமிழந்து மறுமணம் செய்த எவருக்கும் இரவில் வரக்கூடிய கேள்வியும் அதுதான். அங்கே கொள்வதுமில்லை கொடுப்பதுமில்லை என்று இயேசு அந்தக் கணக்கையே கலைத்துவிடுகிறார். ஏழு பிறப்பு என்று நம்பும் சைவருக்கு அவ்வளவு லேசான விடை இல்லை. ஆனால் ஒவ்வொரு பிறப்பிலும் கணக்குத் தீர்ப்பவன் சிவன் என்றால், பரவை வீட்டு வாசலில் இரண்டு தரம் நின்றவனுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல என்று ஆறுதல் கொள்ளலாம்.

சோனகதெரு முஸ்லிம்களிடம் இந்தத் தயக்கம் குறைவு. நபிகளாரின் முதல் மனைவி கதீஜா கணவனை இழந்தவர், நபிகளாரைவிட மூத்தவர். நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்தால் கைம்பெண்ணுக்கு வழி திறந்திருக்கிறது. துக்கத்துக்கு ஒரு கடைசி நாள் குறித்திருப்பதே பெரிய கருணை.

சிரிப்புக்கு இடமில்லாத வாசலும் உண்டு. வடக்குக் கிழக்கில் 89,000 விதவைகள் என்று போர் முடிந்த கையோடு அரசாங்கத் தரப்பிலிருந்தே ஒரு கணக்குச் சொல்லப்பட்டது. கணவன் காணாமல் போனவர்களின் நிலை அதைவிடச் சிக்கல். 2016இல் வந்த சட்டத் திருத்தம் அவர்களுக்கு மரணச் சான்றிதழுக்குப் பதில், காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழிசெய்தது. பத்திரத்துக்கு அது போதும். பொட்டு வைக்கலாமா, அழிக்க வேண்டுமா என்பதற்கு எந்தக் கந்தோரும் பதில் தராது. உயிரோடு இருக்கிறான் என்பதே நம்பிக்கையாகிவிட்ட ஒருத்தியிடம் மறுமணம் பேசுவது, அந்த நம்பிக்கையைக் கைவிடச் சொல்வது. புராணக் கதைகள் அவளுக்கு உதவுமென்று சொன்னால் அது பொய்.

மற்றவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் சுவர்களில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டுவிடும். தாரமிழந்த தகப்பன் தான் கட்டிய வீட்டிலேயே மருமகனின் விருந்தாளி. அவர் புது மனைவியைக் கூட்டிவந்தால் எந்த அறையில் இருத்துவது? மகள் ரொறன்ரோவில் என்றால் வீடு காலி. ஆனால் கேற்றடியில் பூட்டிய கமராவில் யார் வருகிறார், போகிறார் என்று அவள் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாள். மண்டபத்துச் சுவரில் சந்தன மாலையோடு அம்மாவின் படம். அதைக் கழற்றினால் பிள்ளைகளுக்குக் கோபம், கழற்றாவிட்டால் புதிதாக வந்தவருக்கு நெஞ்சுக்குள் ஒரு முள். இப்படியான வீடுகளில் நிலைத்து நிற்கிற ஏற்பாடு, இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டுவதுதான்: அவருடைய முதல் மனைவி, இவருடைய முதல் கணவன். உயிரோடிருந்தபோது ஒருவரையொருவர் கண்டிராத இருவர் ஒரே விளக்கின் கீழ் இருப்பதைப் பார்த்துச் சிரிக்க முடிந்த வீட்டில், இறந்தவரும் ஒதுக்கப்படுவதில்லை, வந்தவரும் ஒதுங்கி நிற்பதில்லை. சிரிப்பையே அவமரியாதை என்று நினைக்கிற பக்தி, இருவரில் ஒருவரை வெளியே அனுப்பித்தான் தீரும்.

நாட்காட்டியும் கொஞ்சம் உதவி செய்கிறது. தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி, தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை. அவருடைய பிள்ளைகளின் விரதம் ஒரு நாள், இவருடைய பிள்ளைகளின் விரதம் இன்னொரு நாள். ஆடி அமாவாசையன்று பிள்ளைகள் தங்கள் தகப்பனுக்காகக் கீரிமலையில் முழுகப் போனால், சிறிய தகப்பனாரும் தன்னுடைய தகப்பனை நினைத்து அதே வாகனத்தில் ஏறிக்கொள்ளலாம். திரும்பிவந்து இலை போட்டால் காத்தோட்டிக்காய்ப் பொரியல் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தக் கசப்பு இரண்டு வீட்டுக்காரருக்கும் பொது. எந்த வீட்டுப் பக்குவத்தில் பொரிப்பது என்பதில்தான் சண்டை வரும்.