கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

வியாபாரிக்குக் கடனைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சரக்கைக் கடனுக்கு எடுத்து, சில்லறையில் விற்று, தவணை தவறாமல் கட்டி நாணயத்திற்குப் பெயர் எடுத்த சமுதாயம் நம்முடையது. கடையில் ஒரு காசு குறைந்தாலும் இரவெல்லாம் பேரேட்டைப் புரட்டுகிறோம். ஆனால் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திடும்பொழுது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம். இது ஏன்? இதைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம்.

பெட்டாலிங் ஜெயாவில், பழைய கிள்ளான் சாலைப் பக்கம் உள்ள கம்போங் மேடானை நாம் அறிவோம். நிலத்திற்குப் பட்டா இல்லாத பலகை வீடுகள் ஒரு காலத்தில் அங்கே நெருங்கி நின்றன. பின்னர் தேசா மெந்தாரி போன்ற அடுக்குமாடிகள் எழுந்தன. பலகை வீட்டில் வாழ்ந்தவருக்கு, என்று வந்து எழுப்புவார்களோ என்ற அச்சம் ஓயவில்லை. ஆயினும் அந்த வீட்டை ஈடாக வைத்துக் கடன் கொடுக்க எந்த வங்கியும் முன்வந்திருக்காது. அதை மற்றவர்தாம் பறிக்க முடியும். சொந்தப் பத்திரம் உள்ள வீட்டையோ நம் கையெழுத்தாலேயே நாம் இழக்கலாம்!

அது எப்படி நேர்கிறது? பத்தாண்டு தவணை கட்டியபின் வீட்டின் விலை ஏறியிருக்கிறது. “பழைய கடனை அடைத்துவிட்டுப் புதிதாகப் பெரிய கடன் எடுங்கள், மீதி ரொக்கம் உங்கள் கையில்” என்கிறார் ஒருவர். இதைத்தான் மறுநிதி என்கிறார்கள். அந்த ரொக்கம் இரண்டாவது கடைக்கு முதலாகப் போகிறது. “முதல் சும்மா தூங்கலாமா?” என்று நாமும் நியாயம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் உண்மையில் அந்த வீட்டில் தூங்குவது யார்? முதலா? நம் மனைவி மக்கள் அல்லவா?

நம் முன்னோர் இதில் நம்மைவிட விவரமாக இருந்தனர் என்றே தோன்றுகிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்மக்களுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு; மணமகன் மனைவியின் வீட்டில் சென்று வாழ்வான். இவ்வழக்கம் பெண்ணைப் பெற்றோருக்குப் பெருஞ்சுமை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. கடை ஆணின் கணக்கு. வீடு பெண்ணின் உடைமை. கடல் கடந்து போன சபராளியின் கடை நொடித்தாலும், ஊரில் பிள்ளைகளின் தலைக்கு மேல் கூரை நின்றது. இங்கேயோ கடையும் வீடும் ஒரே பெயரில், ஒரே வங்கியில், ஒரே முடிச்சில் கிடக்கின்றன.

அப்படியானால் ஈடு வைப்பதே தவறா? இல்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். அடுத்த வசனம் ஈட்டைப் பற்றிப் பேசுகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் மறைந்தபொழுது அவர்களுடைய போர்க்கவசம் ஒரு யூதரிடம் ஈட்டில் இருந்ததை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. எதற்காக வைத்தார்கள்? குடும்பத்தின் உணவுக்கு வாங்கிய வாற்கோதுமைக்காக. இல்லத்தாரின் பசியாற்றக் கவசம் ஈடாயிற்று. நாமோ வியாபாரத்தின் பசியாற்ற இல்லத்தையே ஈடு வைக்கிறோம். இவ்விரண்டும் ஒன்றாகுமா?

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு இன்னும் 200,000 வெள்ளி பாக்கி, ஆண்டுக்கு 4.5 விழுக்காடு, மீதம் பத்தாண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 2,073 வெள்ளி. அதையே முப்பதாண்டுக்கு மாற்றி எழுதினால் தவணை 1,013 வெள்ளியாகக் குறையும். சுமை பாதியாயிற்று என்று மகிழ்கிறோம். ஆனால் முதலுக்கு மேல் கட்டும் தொகை, பத்தாண்டில் சுமார் 48,700 வெள்ளி. முப்பதாண்டிலோ சுமார் 164,800 வெள்ளி! விழுக்காடு ஒரு புள்ளிகூட மாறவில்லை, நாள்தான் நீண்டது. கடையில் இப்படி ஒரு கொள்முதலை நாம் ஒப்புக்கொள்வோமா?

“நாங்கள் எடுப்பது வட்டிக் கடன் அல்லவே, இஸ்லாமிய முறையில்தானே எடுக்கிறோம்” என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. 1983-இல் பேங்க் இஸ்லாம் தொடங்கியது முதல் இந்நாட்டில் அதற்கு வழி பிறந்தது. வங்கி வீட்டை வாங்கிக் கூடுதல் விலைக்கு நமக்குத் தவணையில் விற்பது ஒரு முறை. வங்கியும் நாமும் பங்காளிகளாக வாங்கி, அதன் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே பங்கைச் சிறிது சிறிதாக நம் பெயருக்கு மாற்றுவது இன்னொரு முறை. வட்டியை விட்டு விலக விரும்புவோர் இவற்றை நாடுவது கடமையே. ஆனால் முறையின் பெயர் மட்டும் நம்மைக் காப்பாற்றிவிடாது.

2006-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த ஒரு தீர்ப்பு இதற்குச் சான்று. வங்கி ஊழியர் ஒருவர் தவணை விற்பனை முறையில் வீடு வாங்கினார். வேலையை விட்டபின் ஒப்பந்தம் மாற்றி எழுதப்பட்டது. சுமார் 394,000 வெள்ளி நிதிக்கு 25 ஆண்டு விற்பனை விலை சுமார் 992,000 வெள்ளி ஆயிற்று. அவர் 33,000 வெள்ளியளவில் கட்டித் தவறியபொழுது, மீதி 958,000 வெள்ளிக்கு மேல் வங்கி கேட்டது! இன்னும் கழியாத ஆண்டுகளுக்கும் லாபம் கேட்பது முறையன்று என உயர்நீதிமன்றம் அதைக் குறைத்தது. பின்னர் 2011-இல், முன்கூட்டியே கணக்கு முடிந்தால் உரிய தள்ளுபடி கொடுத்தாக வேண்டும் என்று பேங்க் நெகாரா விதி செய்தது. அந்த விதி வருமுன் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர், தாம் ஒப்புக்கொண்ட விலையைப் படித்துப் பார்த்திருப்பார்கள்?

எனவே சில ஒழுங்குகளை நாம் வகுத்துக்கொள்வது நலம். வாங்கும்பொழுது, இன்றைய தவணையை மட்டும் பார்க்கக் கூடாது. பேங்க் நெகாராவின் அடிப்படை விகிதம் 2020 ஜூலையில் 1.75 விழுக்காடு, 2023 மே மாதத்தில் 3.00, 2025 ஜூலையில் 2.75. ஏறி இறங்கும் விகிதத்தில் எடுத்தவரின் தவணையும் இதனோடு அசையும். கடை மந்தமான மாதத்திலும் கட்டக்கூடிய தவணையே நமக்கு ஏற்ற தவணை. 35 ஆண்டு வரை கொடுக்கிறார்கள் என்பதற்காக 35 ஆண்டு கேட்க வேண்டியதில்லை.

விற்கும்பொழுது அவசரம் ஆகாது. மலேசியக் குடிமக்கள் வாங்கிய மூன்றாண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி; நான்காம் ஆண்டில் 20; ஐந்தாம் ஆண்டில் 15; ஆறாம் ஆண்டு முதல் இல்லை. குடியிருக்கும் வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்கும் உண்டு. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவருக்கு ஐந்தாண்டு வரை 30, அதன்பின் 10 விழுக்காடு. இது தெரியாமல் விற்றுவிட்டு விதியை நோவதில் பயனில்லை.

மறுநிதி எப்பொழுது தகும்? காலத்தை நீட்டாமல் விகிதம் குறையுமானால் தகும். வட்டிக் கடனிலிருந்து வட்டியில்லா முறைக்கு மாறத் தகும். வட்டிக்கடைக்காரரின் பிடியிலிருந்து குடும்பத்தை மீட்கவும் தகும். அப்பொழுதும் வழக்கறிஞர் கட்டணம், முத்திரைக் கட்டணம், பழைய ஒப்பந்தத்தை முன்கூட்டி முறிப்பதற்கான அபராதம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். கடையைப் பெருக்குவதற்காக என்றால், கடைக்குக் கடையே ஈடாகட்டும். அல்லது பங்காளி சேரட்டும். பங்காளி லாபத்திலும் நட்டத்திலும் பங்கு கொள்வார். வீடோ நட்டத்தில் மட்டுமே பங்கு கொள்கிறது.

நம்மிடமும் ஒரு குறை உண்டு. புதுக்கடைத் திறப்பு விழாவுக்கு நாம் மாலையோடு போகிறோம். அந்த முதல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. வீடு ஏலத்துக்கு வந்தபின் “அல்லாஹ்வின் நாட்டம்” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். கையெழுத்துக்கு முன்னால் இரண்டு பேர் உடன் அமர்ந்து கணக்குப் பார்த்திருந்தால் அதுவன்றோ சகோதரத்துவம்?

அடுத்த முறை வங்கித் தாள் கைக்கு வந்தால், அதைக் கடையில் வைத்துக் கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டு போங்கள். மனைவியின் முன் விரித்து, எத்தனை ஆண்டு, மொத்தம் எவ்வளவு, தவறினால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்லுங்கள். அதைச் சொல்ல நாக்கு எழவில்லையென்றால், அந்தக் கடன் தகாத கடன் என்பதற்கு வேறு ஃபத்வா வேண்டியதில்லை.

கடை நம் உழைப்பு. வீடு நம்மிடம் உள்ள அமானிதம். இரண்டையும் பேணும் அறிவை வல்ல நாயன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.